பின்பாரம்

சின்னக்கானல்
14-6-1974

குப்பண்ணன் அவர்களுக்கு,

சின்னமுத்து எழுதுவது. பெருமாட்டியை விட்டு நான் வந்து இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இதுவரை உங்களுக்கு ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. இப்போது எழுதுவதும் பழசை மறந்துவிட்டேன் என்று சொல்வதற்காக அல்ல.

போன வாரம் எங்கள் எஸ்டேட்டுக்கு லாரியில் ஒரு லோடர் வந்து இறங்கியது. டிராக்டருக்கு முன்னால் மாட்டி மண் அள்ளும் இரும்பு வாளியும், அதைத் தூக்கி இறக்கும் இரண்டு கைகளும். சாக்கைப் பிரித்ததுமே யார் செய்தது என்று தெரிந்துவிட்டது. பற்றவைப்பு முடியும் இடத்தில் ஒரு சுழி போட்டு நிறுத்துகிறவர் நீங்கள் ஒருவர்தான். ஆறு வருஷம் உங்களோடு கூட்டாகப் பட்டறை நடத்தியவனுக்கு அதுகூடத் தெரியாதா?

எங்களுடையது பதினெட்டு குதிரைசக்தி சின்ன டிராக்டர். அதை ஓட்டுவது நான்தான். இங்கே மழை தொடங்கி மலை சரிந்துகொண்டிருக்கிறது. ரோட்டில் விழுந்த மண்ணை அள்ளிச் சரிவில் கொட்டவேண்டும். முதல் நாள் வாளி நிறைய ஈர மண்ணோடு தூக்கினேன். பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஒரு முழம் இருக்கும். கீழே ஐம்பதடி பள்ளம். வாளியை அப்படியே போட்டதால் பிழைத்தேன்.

முன்னால் இத்தனை பாரம் வைக்கிறவன் பின்னால் எதிர்ப்பாரம் கொடுக்கவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தே அனுப்பியிருக்கிறீர்கள். டிரெய்லர் கொக்கியில் விரிசல் இருந்ததைப் பெயிண்ட் அடித்து மறைத்து விற்றீர்களே, அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. அன்றைக்கு உங்கள் முகத்தில் விழிக்கக் கூசித்தான் நான் கிளம்பிவந்தேன்.

பின்னால் என்ன கட்டுவது, எவ்வளவு கட்டுவது என்று மட்டும் எழுதுங்கள். வேறெதுவும் எழுதவேண்டாம்.

சின்னமுத்து

*

பெருமாட்டி
21-6-1974

தம்பி சின்னமுத்துவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறவன் ஒரு வார்த்தை சுகம் விசாரித்திருக்கலாம். போகட்டும்.

ஆர்டர் கொண்டுவந்த ஏஜெண்டிடம் பின்பாரம் வேண்டும் என்று நான் சொன்னேன். "அதெல்லாம் மேல பாத்துக்குவாங்க, நீங்க வாளியை மட்டும் செய்ங்க" என்றான். அவர்கள் கேட்காததை நான் எதற்காகச் செய்து அனுப்பவேண்டும்? கொக்கி விஷயத்தை விடு. அதைப் பேசிப் பேசித்தான் நம் கூட்டு முறிந்தது.

கேட்டதற்குச் சொல்கிறேன். பின் டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். ஆனால் உங்கள் ஊரில் ஜனவரியில் பனி உறையும், அதற்கு முன் இறக்கிவிடவேண்டும். அது மட்டும் போதவும் போதாது. சக்கரத்தில் மாட்டும் வார்ப்பிரும்பு வட்டு வாங்கலாம், வந்துசேர மாதக்கணக்கு ஆகும். மணல் மூட்டை கட்டாதே. கயிறு நழுவி ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் சாயும்.

எல்லாவற்றிலும் நல்லது காங்கிரீட் கட்டி. கலப்பை மாட்டும் மூன்று கைகளில் தொங்கவிடு. சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளித் தொங்குவதால் முந்நூறு கிலோ இருந்தாலே முன்பாரத்தைத் தூக்கி நிறுத்தும். தேயிலை அடைக்கும் மரப்பெட்டி அங்கே கிடைக்குமே, அதையே அச்சாக வைத்து வார்க்கலாம். ஒரு மூட்டை சிமெண்டு போதும். குறுக்கே இரும்புத் தண்டு எங்கே வரவேண்டும் என்று மறுபக்கம் படம் போட்டிருக்கிறேன். பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான் என்பதை மறக்காதே. பின்பக்கம் லேசாக இருந்தால் இறக்கத்தில் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி.

கட்டி காய்கிற வரைக்கும் அவசரம் என்றால் பின்னால் பலகை போட்டு நாலு ஆளை நிற்கவைத்து ஓட்டு. இங்கே சோதனை பார்த்தபோது நான் அப்படித்தான் செய்தேன்.

குப்பண்ணன்

*

சின்னக்கானல்
9-7-1974

குப்பண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் படம் இருந்ததால் அதை அப்படியே கண்டக்டரிடம் கொடுத்தேன். பஸ் கண்டக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் அதிகாரிக்கு இங்கே அதுதான் பெயர். சங்கையா என்று ஒரு ஆள். ஒரு மூட்டை சிமெண்டு கேட்டேன். சர்க்கார் பெர்மிட்டில் அளந்து தரும் சிமெண்டு, தரமுடியாது என்றார். அன்றைக்குத்தான் மேனேஜர் பங்களாவில் நாய்க்கூண்டுக்குச் சிமெண்டுத் தளம் போட்டார்கள்.

சங்கையா கடிதத்தை மேலிருந்து கீழே வரை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். "செஞ்சவனே எழுதியிருக்கானே, ஆள நிறுத்துன்னு. அப்புறம் எதுக்குக் காங்கிரீட்டு?" என்றார். கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்குப் பெண்களை வரச்சொன்னார். கொழுந்துச் சாக்கை மாட்டும் தராசுக் கொக்கியில் ஒரு கயிற்றுத் தூளியைக் கட்டி, ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து எடை போட்டார். ஆண்கள் வேண்டாம், அவர்களுக்குச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை இருக்கிறது என்றார். சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். எடையைச் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி, அதிகமான நாலு பேரின் பெயருக்குக் கீழே கோடு போட்டார். முதல் பெயர் முத்துப்பேச்சி, அறுபத்திரண்டு கிலோ. புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகள்.

அவள் தூளியிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "கொழுந்துக்கு எப்பவும் ரெண்டு கிலோ கொறச்சு எழுதுவாக. எனக்கு மட்டும் சரியா எழுதிட்டாக."

யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். என் பெண்டாட்டி சாந்தம்மாளை எடைக்குக் கூப்பிடவில்லை, டிரைவர் பெண்டாட்டி என்பதால். அதுவே எனக்குக் கொடுத்த கூலி என்று நினைக்கிறேன். அவள் இப்போது தட்டில் சோற்றை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

பத்து நாளாக ஓட்டுகிறேன். பலகையில் நாலு பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு மழையில் நிற்கிறார்கள். சக்கரம் வாரியடிக்கும் சேறு அவர்கள் முகத்தில். திரும்பிப் பார்க்காமல் ஓட்டப் பழகிவிட்டேன். பழகிவிட்டேன் என்று எழுதும்போதே காறித் துப்பத் தோன்றுகிறது, உங்கள் மீதும் என் மீதும்.

சின்னமுத்து

*

பெருமாட்டி
17-7-1974

சின்னமுத்து,

உடனே அவர்களை இறக்கு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அந்த நிமிஷமே இறக்கு.

நான் சோதனை பார்த்தது பட்டறை வாசலில், சமதரையில், காலி வாளியோடு. நின்றவர்கள் என் பட்டறை ஆட்கள், கால்மணி நேரம். அதை மலை இறக்கத்துக்கும் மழைக்கும் யாராவது பொருத்துவார்களா? கல் பயப்படாது, குதிக்காது. மனுஷன் பயந்தால் குதிப்பான். குதித்த நொடியில் பின்பாரம் போய்விடும். மிச்சம் நிற்பவர்கள் கதி என்ன ஆகும்?

அந்த வரியை எழுதியபோது நான் யோசிக்கவில்லை. கடிதம் முடியப்போகிறது, இன்னும் ஒன்று சொல்லிவைப்போம் என்று எழுதினேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தத் தராசு கண்ணுக்குள் ஆடுகிறது. மாட்டுச் சந்தையில்கூட நாங்கள் இப்படிப் பார்த்ததில்லை.

ஓட்டமாட்டேன் என்று சொல். இரும்புச் சட்டம் ஒன்று அடித்து, கல் போடும் பெட்டியாக நானே அனுப்புகிறேன். கையில் இருக்கும் வேலை முடிய இரண்டு வாரம் ஆகும். சங்கையாவிடம் இருக்கும் அந்தக் கடிதத்தை வாங்கிக் கிழித்துவிடு.

குப்பண்ணன்

*

சின்னக்கானல்
20-7-1974

குப்பண்ணன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் இன்று வந்தது. நான்கு நாள் பிந்திவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. பாக்டரிக்கு இறங்கும் இரண்டாவது வளைவு. வாளியில் சேறு, வழக்கத்தைவிடக் கனம். பின்பக்கம் தூக்கியது. பிரேக்கை மிதித்தேன், சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. சேற்றில் வழுக்கிக்கொண்டு போனது. மேட்டுப் பக்கமாக மூன்று பேர் குதித்துவிட்டார்கள். முத்துப்பேச்சி குதிப்பதற்குள் பலகை புரண்டு, அவள் கால் பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் போய்விட்டது. வாளியைத் தரையில் ஊன்றி வண்டியை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் அவள் சத்தம் காதில் விழுந்தது.

தேயிலை லாரியில் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

சங்கையா வளைவுக்கு வந்ததும் முதலில் செய்தது என்ன தெரியுமா? அந்தப் பலகையைக் கழற்றிப் பள்ளத்தில் வீசினார். இரண்டாவதாக, ஆள் அனுப்பிச் சுவரில் இருந்த எழுத்தை அழிக்கவைத்தார். ரத்தத்தின் மேல் மண் போட்டது அதற்கும் பிறகுதான்.

இப்போது ஒரு அறிக்கை எழுதியிருக்கிறார்கள். வண்டி போகும்போது அந்தப் பெண் விளையாட்டுக்காகத் தானே தொற்றி ஏறினாள் என்று. என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். வண்டியை வீரபாண்டி என்கிற வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு என்னைக் களை பிடுங்க அனுப்பியிருக்கிறார்கள். இந்த மாட்டேனை முதல் நாளே சொல்லியிருந்தால் அவளுக்குக் கால் இருந்திருக்கும்.

சின்னமுத்து

*

பெருமாட்டி
2-8-1974

தம்பி சின்னமுத்துவுக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். வேறொருவர் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்கிறேன்.

ஏஜெண்ட் ஈஸ்வரமூர்த்தி வந்தான். கையில் டைப் அடித்த காகிதம். லோடரோடு பின்பாரமும் சேர்த்தே அனுப்பினேன், டிரைவர்தான் அதை மாட்டாமல் ஓட்டியிருக்கிறான் என்று அதில் இருந்தது. முதலில் மறுத்தேன். அப்போது சங்கையாவிடம் இருந்த என் கடிதத்தை எடுத்துக் காட்டினான். நாலு ஆளை நிறுத்தி ஓட்டு என்ற வரியின் கீழே சிவப்பு மையில் கோடு.

"இது விசாரணைக்குப் போனா உள்ள போறது நீங்கதானுங்க. கையெழுத்துப் போட்டா இந்தக் கடுதாசியே இல்லைன்னு வச்சுக்கலாமுங்க" என்றான்.

போட்டுவிட்டேன்.

அவன் மோர் கேட்டுக் குடித்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, இன்னும் மூன்று லோடர் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த மோரைக் கொண்டுவந்து கொடுத்த என் சம்சாரம் மயிலாத்தாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் குடித்த டம்ளரை எடுத்துக் குப்பையில் வீசிவிட்டாள். பித்தளை டம்ளர். "ரெண்டு டம்ளர் வீசோணும், இன்னொண்ணு வூட்டுக்காரர் குடிக்கிறது" என்று சொன்னாள்.

நான் என்ன செய்யட்டும்? எனக்கும் பயம் இருக்கிறது.

குப்பண்ணன்

*

சின்னக்கானல்
8-8-1974

குப்பண்ணன் அவர்களுக்கு,

நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நேற்று ஆபீசில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். பின்பாரத்தை நான் எங்கே விற்றுத் தின்றேன் என்று சங்கையா எல்லோர் முன்னாலும் கேட்டார்.

முத்துப்பேச்சியைப் பார்க்கப் போடிக்குப் போயிருந்தேன். புண் சீழ் வைத்து அந்தக் கட்டில் பக்கமே நிற்கமுடியவில்லை. நான் மூக்கைப் பொத்தினேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். அவளிடம் நீங்கள் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்ல" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

விசாரணைக்கு லேபர் ஆபீசர் இருபத்தாறாம் தேதி எஸ்டேட் ஆபீசுக்கு வருகிறார். இதை உங்களுக்குத் தெரியப்படுத்துகிறேன். வா என்று கூப்பிடவில்லை. உங்களைக் கூப்பிட எனக்கு வாய் வராது. இனிமேல் எனக்கு எழுதவும் வேண்டாம்.

சின்னமுத்து

*

சின்னக்கானல்
10-9-1974

குப்பண்ணன் அண்ணனுக்கு,

எழுதவேண்டாம் என்று சொன்னவன் நான்தான், அதனால் நானே எழுதுகிறேன். விசாரணை முடிந்ததும் நீங்கள் என்னிடம் பேசாமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டீர்கள். நானும் கூப்பிடவில்லை. மழையில் நீங்கள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நீங்கள் வாசலில் வந்து நின்றபோது ஏஜெண்டுக்குச் சாதகமாகப் பேச வந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய் உட்காராமல் நின்றுகொண்டே, "அந்தக் காகிதத்துல இருக்கறது பொய்யிங்க. பின்பாரம் நான் அனுப்பலைங்க. ஆள நிறுத்தச் சொல்லி எழுதுனதும் நானேதானுங்க. எம்பேர்ல என்ன கேசு போடோணுமோ போட்டுக்குங்க" என்று சொன்னீர்கள். சங்கையா முகம் வெளுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். உங்கள் கடிதத்தையும் கொண்டுவரச் சொல்லி, காங்கிரீட் கட்டி பற்றி எழுதிய பகுதியையும் ஆபீசர் சத்தமாகப் படித்தார். ஒரு மூட்டை சிமெண்டு என்ற இடத்தில் நிறுத்தி மேனேஜரை நிமிர்ந்து பார்த்தார். பலகையில் நின்ற மற்ற மூன்று பெண்களும் அதன் பிறகுதான் வாய் திறந்தார்கள். தராசு விஷயம் முழுக்க வெளியே வந்தது.

நடந்ததைக் கேளுங்கள். முத்துப்பேச்சி தானே ஏறினாள் என்ற அறிக்கை செல்லாது என்று எழுதிவிட்டார்கள். அவளுக்கு நஷ்டஈடும், பாக்டரியில் உட்கார்ந்து தேயிலை பொறுக்கும் வேலையும் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு. சங்கையாவுக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். பக்கத்து டிவிஷனுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே வீடு இதைவிடப் பெரிசு. போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பு எச்சிலைப் போல இன்னும் முகத்தில் ஒட்டியிருக்கிறது.

உங்கள் பெயரையும் குறித்துக்கொண்டார்கள், அபராதம் வரும் என்கிறார்கள். ஏஜெண்ட் இனி உங்களுக்கு ஆர்டர் தரமாட்டான்.

கட்டியும் வார்த்துவிட்டோம். சிமெண்டு கேட்ட அன்றே வந்தது. தேயிலைப் பெட்டியில் நீங்கள் போட்ட படத்தின்படி தண்டு வைத்து வார்த்தோம். ஒரு நாள் வேலை, அண்ணே. மொத்தமே ஒரு நாள் வேலை. பத்து நாள் ஈரச்சாக்கு போட்டுக் காயவைத்து மாட்டினோம். வாளி நிறைய மண்ணோடு அதே இறக்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். பின்சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு நகர்ந்தது. சந்தோஷப்படவேண்டிய நேரத்தில் வண்டியை நிறுத்தி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

சாந்தம்மாள் நேற்று என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

சின்னமுத்து

*

பெருமாட்டி
20-10-1974

தம்பி சின்னமுத்துவுக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். இந்த ஒரு மாதமாக நான் பட்டறையில் இல்லை.

உங்கள் எஸ்டேட்டுக்கு அனுப்பியது போக இன்னும் ஐந்து லோடர் செய்து விற்றிருக்கிறேன். ஐந்தும் பின்பாரம் இல்லாமல்தான் போனது. ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறதோ அங்கே தேடிப்போய்க் கட்டி வார்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். இதை நான் பெரிய காரியம் என்று சொல்லவில்லை. வாங்கியவர்களில் இரண்டு பேர் ஏன் இப்போது வந்தாய் என்று திட்டினார்கள். ஒருவர் வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பினார். கேட்டுக்கொண்டேன்.

நான்காவது வண்டி எலப்புள்ளியில், செங்கோட்டையன் என்கிறவர் தோட்டத்தில். தென்னந்தோப்புக்குக் குப்பை எரு அள்ளுகிறார்கள். என்னைப் பார்த்ததும் மனுஷர் சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போனார். "உங்க லோடர் அருமைங்க. பின்னால நம்ம சொந்த யோசனைல ஒண்ணு மாட்டியிருக்கறன், வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். பின்னால் ஒரு இரும்புப் படி. பற்றவைத்து, பச்சை வர்ணம் பூசி, பிடித்துக்கொள்ளக் கம்பியும் வைத்திருந்தார். வழுக்கக்கூடாது என்று படியில் பழைய டயர் துண்டு ஒட்டியிருந்தது. அதன் மேல் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். முழங்கால் வரைக்கும் சாணி. வேலையை நிறுத்திவிட்டு நாங்கள் பேசும்போதும் இறங்கவில்லை, இறங்கச் சொல்லாமல் இறங்கக்கூடாது போலிருக்கிறது. "மூட்டையின்னா ஏத்தி எறக்கோணும். இது தானா ஏறி தானா எறங்கும்" என்று சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்த்தார், மெச்சுவேன் என்று.

உங்கள் கண்டக்டராவது மறைக்கத் தெரிந்தவன், பலகையைப் பள்ளத்தில் எறிந்தான். இந்த மனுஷர் வர்ணம் பூசி வைத்திருக்கிறார். கெட்டவரும் இல்லை. எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

அந்தப் பெண்களை இறங்கச் சொன்னேன். பையிலிருந்து ரம்பத்தை எடுத்துப் படியை அறுக்கத் தொடங்கினேன். செங்கோட்டையன் என் கையைப் பிடித்தார், நீ யார் என் வண்டியைத் தொட என்றார். முத்துப்பேச்சியைப் பற்றிச் சொன்னேன். தராசையும் சொன்னேன். என் கடிதத்தையும் சொன்னேன். கேட்டுக் கையை எடுத்துவிட்டார். ஆனாலும் நான் அறுத்து முடிக்கும்வரை தள்ளியே நின்றார்.

அப்போது அந்த இரண்டு பெண்களில் மூத்தவள் என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க, அப்ப நாளைக்கு எங்களுக்கு வேலை இல்லீங்களா?"

நான் இதை யோசிக்கவே இல்லை. செங்கோட்டையனிடம் பேசி, கட்டி வார்க்கும் வேலைக்கு அவர்களையே வைத்துக்கொண்டேன். இரண்டு பேரும் ஜல்லி சுமந்தார்கள், கலவை குழைத்தார்கள், காய்கிற வரைக்கும் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு தோப்பிலேயே எரு பரப்பும் வேலை கொடுப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். கொடுப்பாரா என்று நான் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பத்தாம் நாள் போய்க் கட்டியைத் தொங்கவிட்டு, வாளி நிறைய எருவோடு வண்டியைக் கிளப்பினேன். ஆடாமல் அசையாமல் போனது. அந்த மூத்தவள் கூடவே நடந்து வந்தாள். நிறுத்தியதும் கட்டிக்குப் பக்கத்தில் வந்து கையால் தள்ளிப் பார்த்தாள்.

"நாங்க நின்ன எடத்துலதானுங்க இது?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"இத மொதல்லயே வச்சிருக்கலாமில்லீங்க?"

வைத்திருக்கலாம்.

குப்பண்ணன்